துண்டுக்கடியில் இறுகிய கை

மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதில் தம்பிதுரையை மிஞ்ச பொள்ளாச்சிச் சந்தையில் ஆள் கிடையாது. முப்பது வருஷத் தரகு. அவருடைய வாய்க்குள் கோவை ஆர்.எஸ்.புரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சந்தை மாடு மாதிரியே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகள் புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தூங்கறப்ப நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சை அடைச்சிருதுங்க. உடம்பு பதறி எழுப்பி விடுது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. அப்புறம் பகல்ல கண்ணு சொருகாம என்ன பண்ணும்?" என்றார் டாக்டர்.

மூச்சை அழுத்தி உள்ளே அனுப்ப ஒரு மெஷின் உண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை எடையைக் குறைத்து, ஒருக்களித்துப் படுத்து, நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி செய்து பார்க்கலாம். "இது மட்டுமே போதும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் உதவலாம். மூணு மாசம் விடாம பண்ணிட்டு வாங்க. கண்ணு சொருகறது நிக்கற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

"கையில பண்ற வேலைங்க?" என்று கேட்டார் தம்பிதுரை.

டாக்டருக்குப் புரியவில்லை. புவனாவுக்குப் புரிந்தது.

இரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. நெகமம் பக்கத்துத் தெய்வாத்தாள் தன் காளை ஜோடியை விற்றுத்தரச் சொல்லி அவரிடம் ஒப்படைத்திருந்தாள். வாங்க வந்தவர் அப்துல் முத்தலிப், இன்னொரு தரகர். வண்டி நிழலில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்தி, அதனடியில் கையோடு கை சேர்த்தார்கள். விலையை விரல்தான் பேசும். வேண்டாமென்றால் விரலை உதற வேண்டும். கையை இறுக்கிப் பிடித்தால் சம்மதம். துண்டை எடுத்த பிறகு பேச்சில்லை.

முத்தலிப் அடிமாட்டு விலையில் தொடங்கினார். உதறியிருக்க வேண்டிய நேரத்தில் தம்பிதுரை தூங்கிப் போயிருந்தார். தூக்கத்தில் மூச்சு நின்றது. திணறி விழித்த உடம்பு, கைக்குச் சிக்கியதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முத்தலிப்புக்கே ஆச்சரியம். துண்டை எடுத்துவிட்டார்.

தெய்வாத்தாளிடம், "சந்தை படுத்துப்போச்சுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார் தம்பிதுரை. அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் அவரைத் தின்றது. "என்ற கை என்ற பேச்சக் கேக்கல கண்ணு" என்று புவனாவிடம் மட்டும் சொன்னார்.

சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பயிற்சியை ஆரம்பித்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தோடு தேய்த்துக்கொண்டே உள்ளே இழுக்க வேண்டும், இருபது தரம். முழு நாக்கையும் மேலே ஒட்டிப் பிடித்து நிறுத்த வேண்டும். 'ஆ' என்று விட்டுவிட்டுச் சொல்லி உள்நாக்கைத் தூக்க வேண்டும். நாக்கை ஒட்டி விடுவித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வாசலில் கட்டியிருந்த எருது அதைக் கேட்டு, தன்னைத்தான் கிளப்புகிறார்கள் என்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"நாக்க அடக்கறேன்னு எருத கயித்த அத்துட்டு ஓட வெச்சிராதீங்க," என்றாள் அம்மா.

டீக்கடையில் ஓரமாகத் திரும்பிச் செய்தபோது முத்தலிப் பார்த்துவிட்டார். "ஏனுங் மாப்ள, என்னயப் பாத்து நாக்கத் துருத்தறீங்க? நானென்ன உங்க மாமியாளா?"

புவனா நாட்காட்டியில் இரண்டு குறி போட்டாள்: பயிற்சி செய்த நாளுக்கு ஒரு டிக், பகலில் தூங்கிய நாளுக்கு ஒரு வட்டம். விலங்கியல் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இரண்டு வருஷம் ஆகிறது. தவளையின் நாக்கை நோட்டில் அழகாக வரைந்து மார்க் வாங்கியவள். சொந்த அப்பாவின் நாக்கைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கு உதவுகிறோமா, இல்லை தனக்கு ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்கிறோமா? கேட்டுக்கொண்டே தினமும் கண்ணாடியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். வட்டங்கள் குறைந்தன. பயிற்சியாலா, ராத்திரி சோற்றைக் குறைத்ததாலா, ஒருக்களித்துப் படுத்ததாலா? அதுவும் தெரியவில்லை. குறட்டை தணிந்திருக்கிறது என்றாள் அம்மா. நடுநடுவே மூச்சு நிற்பது மட்டும் முழுசாகப் போகவில்லையாம்.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரோடு உட்கார்ந்தவர் பத்து நிமிஷம் தலை தொங்கிக் கிடந்தார். புவனா பேனாவை எடுத்தாள். வட்டம் போட மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போட்டாள்.

அடுத்த செவ்வாய் காலையில் தெய்வாத்தாள் வந்தாள். புது ஜோடி வாங்க வேண்டும். "உங்களத் தவுத்து ஆர நம்பறது தம்பி? வாங்க, போலாம்."

மூன்று மாதமாகச் சும்மா கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டார் தம்பிதுரை. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "போலாமா கண்ணு?"

போங்கள் என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். புவனா நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமெ தூங்கிட்டீங்கப்பா" என்றாள்.

"அதென்ன தூக்கம்?" என்றாள் தெய்வாத்தாள்.

தம்பிதுரை துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, அன்னிக்குச் சந்தை படுக்கலீங்க. தூங்கிப்போட்டனுங்க. தூக்கத்துல கை இறுகிப்போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

தெய்வாத்தாள் முழுசாகக் கேட்டாள். "மூணு மாசமா அந்தச் சந்தையத் திட்டாத நாளில்ல நானு. படுத்தது நீங்களாக்கும்."

"ஆமாங்க."

"என்ற ஊட்டுல பொறந்து வளந்த மாடுக, தம்பி. அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அப்பறம் ஆரு என் கையப் புடிப்பாங்கக்கா?"

அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தாள் புவனா. தெய்வாத்தாள் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். "பல்ல நீங்க பாருங்க. கைய வேறாளு புடிக்கட்டும். வாங்க, வெயிலேறுது. அம்மணி, நீயும் வா. உங்கப்பன் தூங்கறாரான்னு பாத்துக்கோ."

தம்பிதுரை துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெறுந்தோளோடு கிளம்பினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண் மூடியிருந்தது, தாடை மெல்ல அசைந்தது. புவனா முன்னால் குனிந்து பார்த்தாள். தூக்கமா, நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பிடித்திருக்கிறாரா? சொல்ல முடியவில்லை. இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் முழங்கையால் இடித்தாள்.

கண்ணைத் திறக்காமலே நாக்கால் 'டொக்' என்றார்.

அவள் நம்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி இடித்தாள்.