எல்லைப் பலகையின் கடைசி இலக்கம்

பிறப்பு: 1956. தொழில்: பெயர்ப்பலகை எழுதுதல், 1973 முதல். திருமணம்: 1979. மக்கள்: ஒரே மகள், பிறப்பு 1982. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியுந்தோறும், மாநிலத்தின் ஐந்து பெரிய நகரங்களின் எல்லையில் ஊர்ப் பெயரையும் மக்கள் எண்ணிக்கையையும் எழுதுவது 1981 முதல் அவர் பொறுப்பு. எழுத்தைவிட எண்ணே அவர் கையில் வடிவாக விழும் என்பதால் சக தொழிலாளிகள் ‘நம்பர்’ என்றார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசிப்பாள்.

2001இல், ஐந்தில் முதலாவதான நகரத்தின் எல்லைக்கு மகளும் உடன் போயிருந்தாள். இடக்கைக்காரி. எட்டை அடியிலிருந்து சுழித்து எழுதுவாள். கீழ்வளையம் எப்போதும் பெருத்துவிடும். “இது எட்டா, மாசமா இருக்கிற பொம்பளையா?” என்று அப்பா கேலி செய்வார். அன்று பெயின்ட் இறுகிவிட்டது. டர்பன்டைன் வாங்கிவர அவளை அனுப்பினார். போனவள் போனவள்தான். காவல் நிலையம், மருத்துவமனை, பிணவறை என்று ஏறி இறங்காத படியில்லை. அத்தனை லட்சம் பேருக்கு நடுவே அவள் கடலில் கரைத்த பெருங்காயமானாள்.

2011இல் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தாள்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“மூணு,” என்றாள் மனைவி.

“ரெண்டு,” என்றார் நம்பர்.

ஆசிரியையின் பேனா அந்தரத்தில் நின்றது. “ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கண்ணே. எனக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கு.”

“பாப்பா எங்க இருக்காளோ அங்க அவளை எண்ணியிருப்பாங்க டீச்சர். இங்கயும் எண்ணினா ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். அது தப்பு.”

“எங்கயுமே எண்ணலைன்னா?” என்றாள் மனைவி.

ஆசிரியை இரண்டு என்று எழுதிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மனைவியிடமிருந்து வேளாவேளைக்குத் தட்டு வந்தது; வார்த்தை வரவில்லை.

கணக்கு வெளியானதும் முதலாவது நகரத்தில் தொடங்கி ஒவ்வோர் ஊராக எழுதி வந்தார். முதலாவது ஊரின் எண் 46,81,369. நான்காவது பெரிய நகரமான சொந்த ஊரைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதன் எண் 7,42,617. எழுதிய மறுநாள் காலையில் பார்த்தபோது எண்ணின் கடைசியில் ஏழு இல்லை, எட்டு இருந்தது.

கைப்பிசகு என்று எண்ணி அழித்து ஏழு எழுதினார். மறுநாளும் எட்டு. கீழ்வளையம் பெருத்திருந்தது. பலகையோ இரண்டு ஆள் உயரம். ஏணியோ அவர் வீட்டுக் கொட்டகையில் சங்கிலியால் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்துவந்து ஏறித் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது.

மாநகராட்சி இன்ஜினியர் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். “என்ன நம்பர், ஊருக்குப் புதுசா பிள்ளை பிறந்திருக்கா? திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா அஞ்சு ஊரும் வேற ஆளுக்குப் போயிடும்.”

நம்பருக்குள் ஒரு கணக்கு ஓடியது. இங்கே ஓர் ஆள் கூடினால் வேறெங்கோ ஓர் ஆள் குறைந்திருக்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, முதல் பேருந்தைப் பிடித்தார்.

முதலாவது நகரத்தின் பலகை உச்சிவெயிலில் மின்னியது. கடைசியில் அவர் எழுதிய ஒன்பது இல்லை. அங்கேயும் எட்டு, அதே பெருத்த கீழ்வளையம்.

“இதை யாருங்க மாத்தினது?” என்று எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டார்.

“முந்தாநாள் ஒரு பொண்ணு எழுதிட்டு இருந்துச்சுங்க. இடது கையால எழுதுதேன்னு வேடிக்கை பார்த்தேன். பாலை இறக்கிட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். அப்புறந்தான் எனக்கே உறைச்சுது, ஏணியே இல்லை. எதுமேல நின்னுச்சுன்னு தெரியலை.”

“என்ன வயசு இருக்கும்?”

“பத்தொம்பது இருக்கும். அதுக்கு மேல போகாது.”

காணாமல் போன அன்று மகளுக்கு வயது பத்தொன்பது. இப்போது இருபத்தொன்பது நடக்க வேண்டும்.

வீடு திரும்பியவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், வயதைத் தவிர. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “பாப்பா அங்கேருந்து கிளம்பிட்டாள்னுதானே அர்த்தம்?”

அவர் பெயின்ட் டப்பாவை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை சொந்த ஊர்ப் பலகையடியில் ஏணியை மனைவி பிடித்துக்கொண்டாள். கீழே இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நம்பர் பிரஷ்ஷை இடக்கைக்கு மாற்றினார். அடியிலிருந்து மேல்நோக்கிச் சுழித்து, எட்டின்மேலேயே இரண்டாம் பூச்சு பூசினார்.

“யோவ் நம்பர், என்னய்யா பண்றே?”

“சரி பண்றேன் சார்.”

அத்துடன் ஐந்து ஊர் வேலையும் அவர் கைவிட்டுப் போயிற்று. புதிதாக வந்த ஆள் அந்த இலக்கத்தை மூன்று முறை சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பலகையில் உள்ள எண்: 7,42,618.