ஆறப் பொறுக்காத கேக்

அந்தத் தெருவில் யாரிடம் போய் "கேக்கக்கா வீடு எது?" என்று கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கடிகார ரிப்பேர்க்காரர் காலி செய்துவிட்டுப் போன முன்னறை, அதை ஒட்டி இரும்புக் கேட், மாடிப்படிக்குக் கீழே நிற்கும் டெலிவரி வேன். அடையாளம் எல்லாம் சரி. ஆள்தான் தப்பு. கேக்கக்கா என்று ஊர் கூப்பிட்டது அந்த வீட்டுப் பெரிய மருமகளை. கேக் செய்தவள் சின்ன மருமகள்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் ஒட்டும் வேலையில் இருந்தவள். மாவு பிசையும் பக்கம் அவளை ஒரு நாளும் விட்டதில்லை. சுவருக்கு அந்தப்புறமிருந்து வரும் வெண்ணெய் வாசனையை மூக்காலேயே தின்றுகொண்டு பசை தடவினாள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சின்ன ஓவன் ஒன்றுதான் அவள் புகுந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த சொத்து. அதில் அவள் செய்த முதல் கேக்கைக் கடித்துப் பார்த்த புருஷன், வேன் ஓட்டுகிறவன், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "நல்லா இருக்கும்மா. மேட்டுல வண்டிய நிறுத்தும்போது டயருக்கு முட்டுக் குடுக்கலாம்."

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுநாளே இன்னொன்று செய்தாள். கெட்டுப்போன ஒவ்வொரு கேக்கும் அவளுக்கு ஒரு வாத்தியார். யாரும் சொல்லித் தரவில்லை. கரிந்து கரிந்து கற்றுக்கொண்டாள்.

கடைசியில் அவள் கைக்கு வசப்பட்டது வால்நட் கேக். பருப்பை வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, சூடு இருக்கும்போதே துணியில் கொட்டி மூட்டை கட்டித் தேய்ப்பாள். தோல் உதிரவில்லையென்றால் கசக்கும். மிக்ஸியை விட்டு விட்டுத்தான் அடிப்பாள். ஒரே மூச்சில் ஓடவிட்டால் பருப்பு எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். அந்த ஓவனுக்கு முதுகுப் பக்கம் கோபம் அதிகம். கேக் எழும்பி நிலைத்ததும் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: காலையில் சுட்ட அடுக்குகளைக் கம்பித் தட்டில் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம்தான் கிரீமைத் தொடுவாள். புறங்கையால் அடுக்கின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். இளஞ்சூடு இருந்தால்கூடத் திரும்பிப் போய்விடுவாள். பட்டர் கிரீம் என்பது வெண்ணெய்தானே? சூட்டைக் கண்டால் உருகாமல் என்ன செய்யும்?

பெரியவள் அடுக்களைக்கு வருவது அந்தச் சாயங்காலத்தில்தான். குளித்து, பவுடர் போட்டு, போனில் பேசிக்கொண்டே வருவாள். சின்னவள் பூசிய கிரீமின் மேல் நாலு பருப்பை அழகாக அடுக்குவாள். டப்பாவில் வைத்து ரிப்பன் கட்டுவாள். வாசலைத் தாண்டியதும் கேக் அவளுடையதாகிவிடும். முதல் தடவை எதிர்வீட்டில் "நீங்க பண்ணினதா?" என்று கேட்டபோது அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தாள். அவ்வளவுதான். ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடுக்களைப் பக்கமே வராத மாமனாரும் ஊர் சொன்னதையே நம்பினார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். இங்கே நெய்யும் கையும் இரண்டுமே இரவல்.

இதையெல்லாம் சின்னவள் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு சாயங்காலம். மூலை வீட்டு பேங்க் மேனேஜரம்மா வந்து ஹாலில் உட்கார்ந்து கேக்கை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"கிரீம் எப்படிங்க இவ்வளவு லேசா வருது?"

"எல்லாம் கைப்பக்குவம்தாங்க," என்றாள் பெரியவள்.

"ஒத்தாசைக்கு ஆள் இருக்கா?"

"சின்னவ இருக்காளே. பாத்திரம் கழுவித் தருவா. பாவம், நல்ல பொண்ணு."

கதவுக்கு இந்தப் பக்கம் சின்னவள் நின்றிருந்தாள். முழங்கை வரை கிரீம். திருடிய பேரைக்கூட மன்னித்திருப்பாள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

புருஷனிடம் சொன்னபோது அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "விடும்மா. யாருக்குப் பேர் வந்தா என்ன? வீட்டுக்குத்தானே வருது," என்றான்.

"நாளைக்கு உங்க வேனை உங்கண்ணன்தான் ஓட்டுறாருன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"அண்ணனா? அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியாதே!"

"அதத்தான் சொல்றேன்," என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. ஒருத்தருக்கு ஓட்டத் தெரியாது என்று ஊரெல்லாம் கத்த வேண்டியதில்லை. சாவியைக் கொடுத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் போதும்.

சாவி என்றதும் இன்னொன்று. மாமனார் அந்த முன்னறையை இனி வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். தன் பிறந்தநாள் அன்று எல்லோர் முன்னாலும் அதன் சாவியைப் பெரியவளிடம் கொடுக்கப்போகிறார். 'கேக்கக்கா கடை' என்று போர்டுக்கு எழுத்துகூடப் பார்த்தாயிற்று. சாவி அந்தக் கைக்குப் போனால் சின்னவளின் மிச்ச ஆயுசு அந்தக் கடையின் பின்பக்கம்தான். பாத்திரம் கழுவும் நல்ல பொண்ணு.

பிறந்தநாளுக்கு முன்தினம் சின்னவள் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"பிசகிடுச்சு மாமா. கரண்டிகூடப் பிடிக்க முடியல."

"பாத்தும்மா," என்றார் மாமனார். "ரெஸ்ட் எடு. நாளைக்கு உனக்கென்ன வேலை? கேக்கைத்தான் பெரியவ பாத்துக்குவாளே."

பெரியவள் முகத்தில் பவுடர் தனியாகத் தெரிந்தது.

"இந்தத் தடவை கடையில வாங்கிடலாமே மாமா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கென்னம்மா சிரமம்? நான் திங்கத்தானே போறேன்? பருப்பு வறுக்கிற வாசனையில வீடு மணக்கணும். கடை டப்பா மணக்குமா?"

கேக் விஷயத்தில் சின்னவள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு உண்மையான பதில். கேட்காததற்கு வாய்ப்பூட்டு. பொய் சொல்லிக் கெடுத்தால் அது துரோகம். கேட்காததைச் சொல்லாமல் இருந்தால்? அதற்கு என்ன பேர் வைப்பது என்று ஊர் பிறகு யோசித்துக்கொள்ளட்டும்.

விடிந்ததும் பெரியவள் ரகசியமாக வந்தாள்.

"ஏய், ஓவன்ல எவ்வளவு சூடு வைப்ப?"

சின்னவள் சரியாகச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

அதையும் சரியாகச் சொன்னாள்.

"அவ்வளவுதானே?"

"நீங்க கேட்டது அவ்வளவுதான்கா."

பெரியவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் நாத்தனார் குரல். இருவர் புருஷன்மாருக்கும் மூத்தவள், வாய் என்றால் வாய், பூட்டில்லாத வாய். பையைப் போட்டதும் நேரே அடுக்களைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்குக் கேக்கக்கா கைவேலைய உக்காந்து பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன். என் வீட்டு ஓவன் அட்டைப்பெட்டி மாதிரி சும்மாவே கிடக்கு."

அந்தக் கண்ணுக்கு முன்னால் பெரியவள் இனி எதைக் கேட்பாள்? கேட்டால் பேர் போகும்; கேட்காவிட்டால் கேக் போகும். பெரியவள் பேரைப் பிடித்துக்கொண்டாள்.

பருப்பை வறுத்தாள், வாசனை நன்றாகத்தான் வந்தது, மாமனார் ஹாலிலிருந்து "ஆகா!" என்றார். தோலை உரிக்கவில்லை. மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டம். மூடியைத் திறந்தால் சேறு மாதிரி பளபளப்பு.

"ஏன் பெரியவளே, இப்படித்தான் இருக்குமா?" என்றாள் நாத்தனார்.

"இது புது மாதிரி அண்ணி."

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். ஓவன் கதவுக்குப் பின்னால் கேக் சாய்ந்துகொண்டே எழும்புவது தெரிந்தது. தட்டைத் திருப்பச் சொல்லிக் கை பரபரத்தது. கையை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டாள். நல்ல மாவும் நல்ல முட்டையும் வீணாகிறதே என்று வயிறு எரிந்தது, உள்ளுக்குள் எங்கேயோ ஒரு விளக்கும் எரிந்தது. இரண்டும் சேர்ந்தே எரிந்தன.

அடுக்குகள் வெளியே வந்தன. ஆவி பறந்தது. பெரியவள் ஒரு சுற்று விசிறினாள், கிரீம் கிண்ணத்தை இழுத்தாள். அவள் பார்த்திருந்ததெல்லாம் சாயங்காலத்தைத்தானே? கம்பித் தட்டில் அடுக்கு இருக்கும், கிரீம் வரும், பூசுவார்கள். அந்த அடுக்கு காலையிலிருந்து அங்கே கிடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

கத்தி நுனியில் கிரீமை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். சின்னவளைப் பார்த்தாள். வாய் கேட்கவில்லை, கண் கேட்டது.

சின்னவள் தன் கட்டைப் பார்த்தாள். நூல் ஒன்று பிரிந்திருந்தது. அதை நிதானமாக உள்ளே செருகினாள்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பூசப் பூசக் கிரீம் இளகியது. இளக இளக இன்னும் பூசினாள். வழிந்ததைத் துடைத்து, ஃபிரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மேலே தோல் கட்டியது. உள்ளே சூடு அப்படியே இருந்தது.

அரை மணிக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஹாலில் மாமனார் புதுச்சட்டையில் நின்றார். அவருடைய பழைய சிநேகிதர்கள், பேங்க் மேனேஜரம்மா, பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். பெரியவள் புருஷன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். சாவி மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாமனார் கத்தியை வைத்தார். மேல் அடுக்கு கொஞ்சம் யோசித்தது. பிறகு நிற்காத பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மாதிரி, ஒரு காலை முன்னால் வைத்து, மெதுவாக, பள்ளத்துப் பக்கமாக இறங்கியது. நடு அடுக்கும் கூடவே கிளம்பியது. மேஜை விளிம்பைத் தாண்டி மாமனாரின் வீட்டுச் செருப்பில் போய் உட்கார்ந்தது.

பெரியவள் புருஷன் போனை இறக்க மறந்து எடுத்துக்கொண்டே இருந்தான்.

பெரியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இது சின்னவ பண்ணினது மாமா. நான் ஒத்தாசைக்குத்தான் நின்னேன்."

இத்தனை வருஷத்தில் சின்னவள் பேரில் அறிவிக்கப்பட்ட முதல் கேக் அது. அவள் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"அடியே!" என்றாள் நாத்தனார். "காலையிலேர்ந்து நாற்காலி தேய உக்காந்திருந்தேன். அவ கைல கட்டுப் போட்டுக்கிட்டு மூலையில கிடந்தா. எந்தக் கையால பண்ணினா, என் கையாலயா?"

பெரியவளுக்கு அழுகை முட்டியது. அழுகை வரும்போது உண்மையும் கூடவே வந்துவிடும்.

"வேணும்னே பண்ணினா மாமா! ஆறினப்புறம்தான் கிரீம் போடணும்னு அவளுக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டா!"

மாமனார் செருப்பிலிருந்து காலை எடுத்தார். மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எதுக்கும்மா அவ சொல்லணும்?"

பெரியவள் வாயை மூடினாள். மூடி என்ன பயன்? வெளியே வந்தது வந்ததுதான். பேங்க் மேனேஜரம்மா பெரியவளைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், கையிலிருந்த காலித் தட்டை மேஜையில் வைத்தாள்.

சின்னவள் நடுஹாலுக்கு வந்து எல்லோர் முன்னாலும் கட்டை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாக, அவசரமில்லாமல். மணிக்கட்டை ஒரு தரம் சுழற்றிக் காட்டினாள்.

மாமனார் முகம் சுருங்கியது. "என் பிறந்தநாள் கேக்கக் கெடுத்துத்தான் இதைச் சொல்லணுமாம்மா?"

"இத்தனை வருஷமா நல்ல கேக்கா செஞ்சு சொன்னேன் மாமா. யார் காதுலயும் விழல."

அவர் கீழே கிடந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். கையில் கொடுக்கவில்லை, நகர்த்தினார். அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் கடை வந்தது. போர்டில் பேர் ஏதும் இல்லை, 'வால்நட் கேக்' என்று மட்டும். கடை திறந்த பிறகு ஒருநாள் ஆர்டர் குவிந்து சின்னவள் திணறியபோது, பின்கதவு வழியாகப் பெரியவள் வந்தாள். வளையலை மேலே ஏற்றிவிட்டு, குவிந்து கிடந்த தட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். மாமனார் அனுப்பினாரா, தானே வந்தாளா, சின்னவள் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பேங்க் மேனேஜரம்மா வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அது அவங்கதானே?" என்றாள்.

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்! சின்னவள் குரலைத் தாழ்த்தவில்லை. குழாய்ச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"பாத்திரம் கழுவித் தருவாங்க. பாவம், நல்ல மனுஷி."

தட்டு தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. சின்னவளுக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பாக மேனேஜரம்மாவோடு பேசிக்கொண்டே, கம்பித் தட்டிலிருந்து கைக்கு வந்த அடுக்கை இழுத்து வைத்தாள். கிரீமைக் கத்தியில் அள்ளினாள். பேச்சு சுவாரசியத்தில் புறங்கை அடுக்கின் அடிக்குப் போகவில்லை.

"இன்னும் சூடு ஆறல."

தொட்டிப் பக்கமிருந்து வந்தது. பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

சின்னவள் கத்தியை இறக்கினாள். புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடுதான்.

மற்ற எல்லாவற்றுக்கும் அவள் கணக்குத் தீர்த்தாயிற்று. அந்த மூன்று சொல்லுக்கு எப்படிப் பழிவாங்குவது என்பதுதான் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.