அத்தா சொன்ன நன்றியுரை

போன மாதம் கலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி முடிந்து மண்டப வாசலில் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். உள்ளே வாடகை நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய மாதிரி இரும்பு நாற்காலிகள். ஒவ்வொன்றாக ‘டடக், டடக்’ என்று மடங்கிச் சுவரில் சாயும் சத்தம் கேட்டதும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பக்கத்தில் நின்ற மதினி, பிரஷர் மாத்திரை போடவில்லையா என்று கேட்டாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் ஆட்டோ வந்துவிடும். உங்களிடம் சொல்லலாம், உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

பழைய கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனையில் ஒரு நூலகம் இருந்தது. வாயனசாலை என்றுதான் எல்லோரும் சொல்வோம். கீழே சுக்கு மூட்டைகள் அடுக்கிய கோடவுன், மேலே புத்தகங்கள். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் சுக்கு வாசனைதான். காதல் கதையாக இருந்தாலும் தும்மிக்கொண்டேதான் படிக்க முடியும். இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது ஜலதோஷம் என்று சுக்கு தட்டினால், எனக்குப் படித்து முடிக்காத ஏதாவது ஒரு கதையின் கடைசிப் பக்கம் என்னவாக இருக்கும் என்று யோசனை ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிழா மாதிரி. காலையில் பிள்ளைகளுக்கு வினாடி வினா. மத்தியானம் கேரம். சாயங்காலம் யாராவது வெளியாள் வந்து பேசுவார். பேசி முடித்தால் சர்ச்சை, அதாவது கேள்வி கேட்கும் நேரம். அதற்குப் பிறகு சாயாவும் பருப்புவடையும். பாதிப் பேர் வடைக்காக வந்தவர்கள்தான். நான் அதில் சேர்த்தி இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

சர்ச்சை நேரத்தில் முதலில் எழுந்து நிற்பவர் எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர். பஜாரில் கயிறும் சாக்கும் விற்கிற சின்னக் கடை அவருக்கு. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். அத்தாவின் அத்தா காலத்திலேயே பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்துவிட்டோம். அத்தா பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரிதான். ஆனாலும் பஜாரில் அவர் ‘தமிழன் இக்கா’, தமிழ்க்கார அண்ணன். பேச்சாளர் விண்வெளியைப் பற்றிப் பேசினாலும் அத்தாவின் கேள்வி, “எங்க கடைக்கு ஒருத்தர் வந்தார் பாருங்க” என்று தமிழும் மலையாளமும் கலந்துதான் புறப்படும். வந்தவர் யார், என்ன வாங்கினார், அவர் மருமகன் எங்கே வேலை என்றெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் கேள்வி என்னவென்று அவருக்கே மறந்துபோகும். சபை சிரிக்கும், அத்தாவும் சேர்ந்து சிரிப்பார். நான் மட்டும் பின்வரிசையில் துப்பட்டாவின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு வெட்கம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கூட்டத்தில் நந்தி சொல்லவேண்டும். நன்றியுரையை இங்கே அப்படித்தான் சொல்வோம். இருப்பதிலேயே கடைசி இடம் அது, ஆனாலும் நோட்டீசில் பெயர் அச்சாகும். வருஷக்கணக்காகப் பாய் விரித்தார், வடை பரிமாறினார், மழைக்காலத்தில் கடைச் சாக்கைக் கொண்டுவந்து படிக்கட்டில் போட்டார். நோட்டீஸ் அச்சடித்து வந்ததும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

நான் கல்லூரியில் மலையாள இலக்கியம் படித்துக்கொண்டிருந்த வருஷம், வாயனசாலை செக்ரட்டரி சுகுமாரன் சேட்டன் ஒருநாள் கடைக்கே வந்து, வருகிற ஆண்டுவிழாவில் நந்தி இக்காதான் சொல்லவேண்டும் என்றார். அத்தா அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்துவிட்டார். அம்மா பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சிறப்பு விருந்தினர் யார் என்று கேட்டேன். எங்கள் துறைப் பேராசிரியர். அப்படியென்றால் என் வகுப்புத் தோழிகளும் வருவார்கள். நான் உடனே பேனாவை எடுத்தேன். அத்தா வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்ததெல்லாம் இரண்டே வாக்கியம்.

“எல்லாருக்கும் சந்தோசம், சாயா குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னாப் போதாதா?”

போதாது என்றேன். ஹ்ருதயங்கமமான க்ருதஜ்ஞதை, பிரௌடமான சதஸ், அனுக்ரஹீத வாக்கு என்று நான் படித்த பாடப்புத்தகம் முழுவதையும் அந்த ஒரு தாளில் கொட்டினேன். மனமார்ந்த நன்றி, மேன்மையான சபை, அருள் பெற்ற வாக்கு என்பதைத்தான் அப்படி எழுதினேன். வீட்டில் தமிழைப் பேசுவதோடு சரி, எனக்கு எழுத்து என்றால் மலையாளம்தான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. அத்தா சாக்கு தைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். அவருக்கு வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு வந்துவிட்டது. மீன் கழுவும்போது ‘அனுக்ரஹீத வாக்கு’ என்பாள். நானும் சிரித்தேன்.

ஆண்டுவிழா அன்று கூட்டம் மேலே கொள்ளாது என்று கோடவுன் முற்றத்தில் பந்தல் போட்டு, வாடகைக்கு நாற்காலி எடுத்திருந்தார்கள். பேராசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நாற்காலிக்காரர்கள் அன்றைக்கே வேறொரு வீட்டு விசேஷத்துக்கு அதே நாற்காலிகளைக் கொண்டுபோகவேண்டும். எங்கள் ஊரில் நந்தி என்று மைக்கில் சொன்னால், எழுந்து செருப்புத் தேடலாம் என்று அர்த்தம். அத்தா மைக் முன்னால் வந்ததும் பின்வரிசை எழுந்தது. அந்த இடத்திலிருந்தே மடக்க ஆரம்பித்தார்கள். டடக், டடக்.

அத்தா தாளை விரித்தார். முதல் வரியிலேயே க்ருதஜ்ஞதையில் மாட்டிக்கொண்டார். திரும்பவும் முதலிலிருந்து வந்தார். அதே இடத்தில் நின்றார். மூன்றாவது தடவை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். என் தோழிகளில் ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

அத்தா தாளை மடித்துப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழிலேயே பேசினார்.

“நாற்காலி மடக்குற தம்பிங்களுக்கு மொதல்ல நன்றி. நீங்க மடக்குற வேகத்தப் பாத்தா நானும் சுருக்க முடிக்கணும்.”

அவர்கள் திண்டுக்கல் பக்கத்துப் பையன்கள். ஒரு வாரமாக ஊரில் யாரும் அவர்களிடம் தமிழில் பேசியிருக்கமாட்டார்கள் போல. மடக்கின நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். சத்தம் நின்றதும் செருப்பு மாட்டியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா லைட் கட்டியவருக்கு, வடை சுட்ட அக்காவுக்கு, முற்றத்தைக் கொடுத்த கோடவுன் முதலாளிக்கு என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். சிரிப்பும் கைதட்டலுமாகக் கூட்டம் திரும்ப உட்கார்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு முடித்திருக்கலாம். அவர் பையைத் தொட்டுக் காட்டினார்.

“இதுல எழுதியிருக்கது என் மக. அங்க உக்காந்திருக்கு பாருங்க. நல்ல ஒசந்த எழுத்து. என் வாய்க்குத்தான் அது ஏறல. தப்பு என்னோடது, எழுத்தோடது இல்ல.”

முற்றம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் மேடையிலிருந்தே தலையாட்டி என்னைப் பாராட்டினார். நான் மேலே பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா முன்னால் போய்விட்டாள். அத்தா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “நீ கஷ்டப்பட்டு எழுதினத கெடுத்துப்புட்டேன். கோவமா இருக்கியா?” என்று கேட்டார். கூட்டத்தையே பிடித்து உட்காரவைத்த மனுஷர். அவரிடம் நான் சொன்னது, “பரவால்ல அத்தா. அடுத்த தடவ நல்லா படிச்சுக்கிட்டுப் போங்க.” அவரும் சரி என்று தலையாட்டினார். மன்னித்துவிட்ட பெருமையில் நான் நிமிர்ந்து நடந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

இப்போது கோடவுன் வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிற இடமாகிவிட்டது. மேலே தங்கும் அறைகள். வாயனசாலை என்பது என் கைபேசியில் ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு கட்டுரையை அதில் போடுவார்கள், கீழே வரிசையாகக் கும்பிடும் கைப் படங்கள் விழும். சர்ச்சை கிடையாது. யாருடைய மருமகன் எங்கே வேலை என்று யாருக்கும் தெரியாது.

அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு சுகுமாரன் சேட்டன் வந்திருந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டுவிழாவைப் பற்றித்தான் பேசினார். அதுபோல ஒரு நந்தி அதற்குப் பிறகு அமையவில்லை என்றும், அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அத்தாவைக் கூப்பிட்டேன், வரவில்லை என்றும் சொன்னார். எனக்குத் தெரியாதே என்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“மோளோடு ஒந்நு சோதிக்கட்டே, என்னு பறஞ்ஞு” என்றார் சேட்டன். மகளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லி அனுப்பினாராம்.

அத்தா என்னிடம் கேட்கவே இல்லை.