ஸ்பானியப் புத்தகத்தின் காவல்காரி

கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிறவரைக் கண்டதும் ஞானமலர் அக்கா தொண்டையைச் செருமுவார். அந்த ஆள் அசையாவிட்டால் பக்கத்தில் போய்த் தன் மூக்கையும் நீட்டுவார். அதற்குப் பிறகு அங்கே எவரும் நிற்பதில்லை.

ஒஸ்லோவில் ஒரு சின்ன அருங்காட்சியகம். 2006 இலையுதிர்காலம் முழுவதும் அங்கே கண்காட்சி அறைக்குக் காவல் அவர்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஸ்பானியக் கையெழுத்துப் புத்தகம்; அரசர்களின் கதையும், கப்பலேறி நாடு பிடிக்கப் போனவர்களின் கதையும் அதில் இருந்தன. வெளிச்சம் பட்டு மை மங்கிவிடாமல் வாரம் ஒரு தடவை தாளைப் புரட்டி வைப்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் பார்க்க ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அக்காவுக்கு ஸ்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அந்த மொழி பேசுகிறவர் எவர் வந்தாலும் பெட்டியடிக்கு இழுத்துப்போய், இலங்கையைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறதா என்று கேட்பார். ஒரு வாரம் முழுக்க இளவரசியின் கல்யாண விருந்தும் பொரித்த கௌதாரிகளும்தான். “அந்தச் சனத்துக்கும் கலியாணவீட்டுச் சாப்பாடுதான் முக்கியமாக் கிடக்கு” என்றார், அங்கேயே வேலைபார்த்த என்னிடம்.

எங்கள் சனம் நிறைய இருக்கிற ஸ்டோவ்னர் புறநகரில், ஒரு பிறந்தநாள் விழாவில் வினை வந்து சேர்ந்தது. “கதிரையில சும்மா இருக்கிற வேலைதானே” என்று சற்குணம் அண்ணர் சீண்டினார். அக்கா வாயை விட்டுவிட்டார்: “எங்கட நாட்டைப் பற்றி எழுதின புத்தகத்துக்கு நான்தான் காவல்!”

அதை நம்பி, கண்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்டோவ்னர், பக்கத்து வெஸ்ட்லித் தமிழ்ச் சனமெல்லாம் பட்டுச்சேலையும் கமராவுமாக வந்து இறங்கிவிட்டது. புத்தகம் மறுநாள் பெட்டி கட்டிப் போய்விடும். மானம் போகிற பயத்தில் அக்காவின் முகம் வெளுத்துப் போனது. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அன்று கண்காட்சி பார்க்க வந்த மற்றவர்களில் சரித்திரம் படிக்கிற ஸ்பானிய மாணவி ஒருத்தி இருந்தாள். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் வரிவரியாக வாசித்து நோர்வேஜிய மொழியில் சொல்லச் சொல்ல எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். கப்பல்கள் புயலில் வழிதவறுகின்றன. ஏதோ ஒரு தீவு தெரிகிறது. அங்கே தங்கம் இல்லை, கிளிகள்தான் இருக்கின்றன. இலங்கை? மாணவி தலையை ஆட்டினாள். இல்லவே இல்லை.

“என்ன மலர், எங்களைக் காணேல்லையாம்?” என்றார் சற்குணம் அண்ணர்.

அக்கா திரும்பிப் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு வரியாவது இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. பிறகு சிரித்துவிட்டார்.

“அவங்கள் இன்னும் எங்கட பக்கம் வந்து சேரேல்லை அண்ணை. வழி தெரியாமல் நடுக்கடலில சுத்திக்கொண்டு நிக்கிறாங்கள். வந்திருந்தால் மட்டும் எங்களுக்கு நல்லதோ?”

அறையே சிரித்தது. சற்குணம் அண்ணரும்தான்.

சனம் கலைந்த பிறகு அந்த மாணவியை ஊழியர் அறைக்குக் கூட்டிப்போய், அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த இரண்டு ரோல்ஸ் இருந்தன. “நீயாவது வந்து சேந்திட்டாய், சாப்பிடு பிள்ளை” என்று தமிழிலேயே சொல்லி, பெரியதை எடுத்து அவள் கையில் வைத்தார்.