கல்யாண டின்னரில் அந்தப் பாட்டு

எங்க வீட்டுக்காரருக்கு அறுபது ஆகப்போகுது. இன்னமும் முடிக்கு மை போட்டு, பின்னால கட்டிக்கிட்டு, கித்தாரும் கையுமா அலையிறாரு. பள்ளிக்கூடம் முடிச்ச காலத்துல கூட்டாளிங்களோட ஆரம்பிச்ச ராக் பேண்டு அது. அவங்க வாசிக்க ஆரம்பிச்சா பீடோங் டவுன் பாசார், அந்தச் சந்தை வரைக்கும் கேக்கும். டிரம் பக்கத்துலயே நின்னு நின்னு ஒரு காது போச்சு, ஆசை போகல. நானும் திட்டித் திட்டி ஓஞ்சுட்டேன்.

போன மாசம் எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம். டின்னர்ல ஒரே ஒரு பாட்டு வாசிக்கிறோம்னு இவரு கேட்டாரு. அக்கா முகம் சுருங்கிடுச்சு. மாப்பிள்ளை வீடு பாலிங் ஊர்ல மரியாதைப்பட்ட சர்ச் குடும்பம், ஏதாச்சும் அசிங்கமாயிடும்னு பயந்துச்சு. நான்தான் அக்கா கையப் புடிச்சு, நான் பொறுப்புன்னு வாய விட்டேன். என்ன பாட்டுன்னு இவர்கிட்ட கேட்டா, பழைய பாட்டு லா, உனக்குப் புடிச்சதுதான்னு சிரிச்சாரு.

மண்டபத்துல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. டிரம் அதிர்ந்துச்சு, கித்தார் கத்துச்சு, சின்னப் பிள்ளைங்க எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிடுச்சுங்க. இவரு மைக்கப் புடிச்சு முதல் அடியப் பாடினாரு.

அது சாவு வீட்டுப் பாட்டு. எங்க சர்ச்சுலயும் மாப்பிள்ளை வீட்டு சர்ச்சுலயும் கடைசியா முகம் பாத்து, பெட்டிய மூடுறப்ப பாடுறது. சாவுன்னு ஒரு வார்த்தை கூட அதுல வராது, ஆனா வேற எங்கயும் அத வாயில எடுக்க மாட்டோம். எங்கம்மா பெட்டிக்கு முன்னால அக்காவும் நானும்தான் அதப் பாடினோம்.

மாப்பிள்ளையோட அப்பா தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. வெள்ளை கவுன்ல உட்கார்ந்திருந்த பொண்ணு அழுதா. எங்க சர்ச்சுக்கு வராத, பொண்ணோட கூட்டாளிங்க ஒரு மேசையில கை தட்டிக்கிட்டு இருந்தாங்க, பாவம், அவங்களுக்கு என்ன தெரியும். அக்கா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் மேடைக்கு ஓடிப் போயி ஸ்பீக்கர் வயரப் புடுங்கிட்டேன். எல்லாம் நின்னுச்சு. இவரு மட்டும் கண்ண மூடிக்கிட்டு, மைக் செத்துப் போனது தெரியாம இன்னும் ரெண்டு வரி பாடினாரு.

இவரு என்னைக் கட்டினப்பவும் இந்து, இன்னைக்கும் இந்து. எங்க பக்கத்து சாவுக்கெல்லாம் தவறாம வருவாரு. ஆனா வெளிய கூடாரத்துல ஆம்பளைங்களோட நிப்பாரு, பெட்டி மூடுற நேரத்துல உள்ள வந்ததே இல்ல.

கார்ல ஏறினதும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்க குடும்ப மானத்த வாங்கிட்டீங்களேன்னு கத்தினேன். வீட்டு வாசல்ல நிறுத்தினப்புறம்தான் வாயத் திறந்தாரு.

“நீ தெனமும் காலையில கோப்பி கலக்குறப்ப பாடுறது அதுதானேமா? அதக் கேட்டா, நீ நல்லா சந்தோஷமா இருக்கன்னு நெனச்சுக்குவேன்.”

நான் எங்க பாடுறேன்னு சண்டைக்குப் போனேன். அவரு மெதுவா அத முனகிக் காட்டினாரு. ரெண்டாவது அடியில நான் எப்பவும் மூச்சு விட்டு இழுக்கிற இடம் இருக்கு, அதையும் அப்படியே இழுத்தாரு. என் குரலேதான். அம்மா போனதுல இருந்து பாடுறேன் போல. எனக்கே தெரியல.

அக்கா இன்னும் என் போன எடுக்கல. நேர்ல போயி கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணிடலாம். இந்த மனுஷன் முகத்தப் பாக்கத்தான் எனக்கு வெக்கமா இருக்கு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, தெனம் காலையில எங்கம்மாவுக்கு அழுதிருக்கேன். அவரு அத ஒட்டுக் கேட்டு, மனப்பாடம் பண்ணி, எனக்காகக் கூட்டாளிங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காரு.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில வாய இறுக்கி மூடிக்கிட்டு கோப்பி கலக்கினேன். அவரு நல்லா கேக்குற காத அடுப்படிப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு.