கடுவனுக்குப் போட்ட அரளி மாலை

எனக்கு எண்பத்தெட்டு வயது நடக்கிறது. எட்டுப் பெற்று, ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இந்த வயதில் மூக்குக்கு மல்லியும் தெரிவதில்லை, கருவாடும் தெரிவதில்லை, ஆனால் மரத்தடியில் விழுந்து மழையில் ஊறிப்போன கொய்யாப்பழத்தின் வாடை மட்டும் நினைத்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது, அதன் பின்னாலேயே செத்த குரங்கின் ஈர மயிர் வாடையும் வருகிறது. இரண்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். என்றாலும் ஒரு கடுதாசி எழுதித் தா என்று யார் வாசலிலும் நான் போய் நின்றதில்லை. இதையும் எழுத்துக் கூட்டி நானேதான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வண்டித்தடத்தில் எங்கள் கொய்யாத் தோட்டமும் அதற்குள்ளேயே வீடும் இருந்தன. அய்யா பழத்தைக் கூடை கட்டி ராஜபாளையம் சந்தைக்கு வண்டியில் கொண்டுபோவார். உலகச் சண்டை நடந்து மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிய காலம், எனக்கு ஒன்பது வயது. அந்த ஐப்பசியில் அம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்து, ஒரு பகலும் ஒரு இரவும் மூச்சு விட்டு, மறுநாள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அடங்கிப் போனது. அய்யா அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தனியாகவே எடுத்துப் போனார். பச்சைப்பிள்ளை செத்தால் எங்கள் பக்கம் சங்கு ஊதுவதில்லை, மாலை போடுவதில்லை, பேரும் வைப்பதில்லை. பெற்றவள் போய்ப் பார்ப்பதும் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைப் புதைக்கிற மேட்டில் வைத்துவிட்டேன் என்று அய்யா திரும்பி வந்து சொன்னார். வீட்டுக்குப் பூ வந்தது அதற்கும் மறுநாள்தான், அதுவும் பால் வற்றுவதற்காக அம்மாவின் மாரில் வைத்துக் கட்ட.

அய்யாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அழுதால் பிள்ளை திரும்பத் திரும்ப இதே போலத்தான் வந்து போகும் என்று அம்மாவை அழவிடமாட்டாள். அத்தை கெட்டவள் இல்லை. அவளும் மூன்றைப் பறிகொடுத்தவள். அவளுக்கு மற்றவர்கள் சொன்னதைத்தான் அம்மாவுக்குச் சொன்னாள்.

பிள்ளை போன ஒன்பதாம் நாள் காலையில் பழம் பொறுக்கப் போன நான்தான் குரங்கைப் பார்த்தேன். மழைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தில் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு உண்டு. ஒரு காது பாதி பிய்ந்து போயிருக்கும். "மொட்டைக்காதன்" என்று அத்தை அதற்குப் பேர் வைத்து, "கட்டையில போறவனே" என்று தினமும் தகரத்தைத் தட்டி விரட்டுவாள். அது வாய்க்கால் ஓரத்தில், தூங்குகிற ஆள் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது. காயம் ஒன்றும் இல்லை, வயசாகிச் செத்திருக்கிறது. நான் கத்தின சத்தத்துக்கு ஓடிவந்த அத்தை அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆஞ்சநேயா, நான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாத" என்றாள்.

குரங்கு செத்தால் எங்கள் ஊரில் சாமி செத்த மாதிரி. எந்த மண்ணில் விழுந்ததோ அந்த மண்ணிலேயே முறை செய்து அடக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து வெங்கடசாமி மாமா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பஜனை கோஷ்டிக்குப் பெரிய ஆள், செய்தி கேட்டதும் பத்துப்பேரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடுவனைக் குளிப்பாட்டி, நெற்றியில் நாமம் போட்டு, புது வேட்டி சுற்றி, எங்கள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். சிவப்பு அரளியில் முழங்கால் வரைக்கும் தொங்குகிற மாலை. சங்கு ஊதினார்கள், சேகண்டி அடித்தார்கள். எங்கள் கொய்யாவில் பாதியைத் தின்று தீர்த்த கிழவனுக்கு நடந்த மரியாதையை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அம்மாவுக்குப் பிரசவத் தீட்டு இன்னும் கழியவில்லை, பின்கட்டு அறையில்தான் இருந்தாள். சேகண்டிச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

குழிக்கு ஈசானி மூலைதான் சரி என்று வெங்கடசாமி மாமா சொன்னார். அங்கே வெட்டத் தொடங்கினவர், "மண்ணு பொதுபொதுன்னு கெடக்கு, வேல லேசாப் போச்சு" என்று சிரித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அய்யா வாளியைப் போட்டுவிட்டு வந்தார்.

"அங்கன வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி, ஈசானி மூலைக்கு என்ன கொறச்சல்?"

வாய்க்கால் தண்ணீர் ஏறும் என்றார் அய்யா. தண்ணீர் ஏற இதென்ன பள்ளமா, நல்ல மேடு என்றார் மாமா. வேர் வெட்டுப்படும் என்றார் அய்யா. பக்கத்தில் மரமே இல்லை. ஆட்கள் சிரித்தார்கள், மாமா மறுபடியும் மம்பட்டியை ஓங்கினார், அய்யா குறுக்கே போய் அதன் காம்பைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

அப்போதுதான் எல்லோரும் திரும்பினார்கள். தீட்டோடு வெளியே வரக்கூடாத அம்மா, பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யாவைப் பார்த்தாள், அவர் காலடி மண்ணைப் பார்த்தாள்.

"அங்கதானா?" என்றாள்.

அய்யா தலையை நிமிர்த்தவே இல்லை. "ஓடையில வெள்ளம் போச்சு. தாண்ட முடியல. தண்ணியில விட மனசு வரல" என்று மண்ணிடம் சொல்வது போலச் சொன்னார்.

வெங்கடசாமி மாமா மம்பட்டியைக் கீழே வைத்தார். வேறொன்றும் கேட்காமல், "தள்ளித் தோண்டுங்கப்பா" என்று மேற்கே நடந்தார். அத்தை ஓடிப்போய் அம்மாவை உள்ளே இழுத்தாள். குடியிருக்கிற இடத்தில் சாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறானே என்று அய்யாவை அழுதுகொண்டே வைதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அந்த மாலையில இருந்து ஒரே ஒரு பூ எடுத்து அங்கன வச்சுட்டு வா. யாரும் பாக்காம வையி" என்றாள். அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் போனேன். கடுவனைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாலையில் கை வைக்கும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து, சாமிக்குப் போட்டதைச் சாவுத் தீட்டில் வைத்தால் குடும்பம் விளங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் கையை எடுத்துவிட்டேன். மாலையோடு மண்ணைத் தள்ளினார்கள்.

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வச்சுட்டேன்" என்றேன்.

"என்ன பூவு?"

"அரளி. செவப்பு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் கால் நீட்டித் தூங்கினாள். மறுநாளாவது ஒரு பூவைப் பறித்துப்போய் வைத்திருக்கலாம். வைக்கும்போது யாராவது பார்த்தால் முந்தின நாள் வைக்கவில்லை என்பது தெரிந்துவிடுமே என்று பயந்து, அந்த மூலைக்கே நான் போகவில்லை.

தீட்டுக் கழிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, ஒரு சிவப்பு அரளிக் குச்சியை வெட்டி அந்த மண்ணில் ஊன்றியதுதான். கடுவன் மேல் நட்ட கல்லுக்குச் சனிக்கிழமை விளக்கு வைக்க எல்லோரும் வருவார்கள். அம்மாவும் விளக்கு வைத்துவிட்டு, போகிற போக்கில் அரளிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். "கடுவனுக்குச் சங்கு ஊதுன அன்னைக்கே எம்பிள்ளைக்கும் ஒரு பூ கெடச்சுது, நீதான வச்ச" என்று எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் சொல்வாள். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும், நான் தலைப்பிரசவத்துக்கு வந்தபோதும் சொன்னாள். என் பிள்ளைகளில் இரண்டு போனபோது, யார் தடுத்தும் கேட்காமல் நானே என் கையால் பூ வைத்தேன். அன்றைக்குத்தான் அம்மாவிடம் நான் எதைச் சொல்லி ஏமாற்றினேன் என்பது முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் அம்மா பன்னிரண்டு வருசம் உயிரோடு இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

இப்போது தோட்டம் இல்லை, மனை போட்டு விற்றாகிவிட்டது. கொய்யா மரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கடுவனின் கல் மட்டும் ஓடு பதித்த கோயிலாகி, சனிக்கிழமை ஒலிபெருக்கி வைத்துப் புளியோதரை கொடுக்கிறார்கள். அந்தக் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எடுத்தபோது குறுக்கே நின்ற அரளியைத் தூரோடு வெட்டிவிட்டார்கள். அது எதற்காக நின்றது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நானும் அப்போது போகவில்லை.

என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஏட்டி, இந்தத் தாளை வாங்கி முதலிலிருந்து வாசி. எழுத்துப் பிழையை எல்லாம் பொறவு பார்த்துக்கிடலாம். நான் பொய் சொன்ன இடம் வரும்போது முழுங்கிடாதே, அதை மட்டும் சத்தமா வாசி.