உப்புத் தார்ப்பாயோடு ஜவ்வாது மலைக்கு

மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லீவு விட்டால் போதும், ஊரில் பாதிப் பேருடைய டூர் டிக்கெட்டை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். ஊட்டி, மூணாறு, ஏற்காடு என்று ஒவ்வொன்றாக மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும். "நீங்க எங்கயும் போகலையாக்கா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போவார்கள். வயிறு எரியும். அப்படி எரிந்து எரிந்துதான் போன ஆகஸ்டில் இந்த மூன்று நாள் பயணம் நடந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பெயரில்தான் ஏழு மலை. திருப்பதியை விட்டால் ஒரு மலையையும் ஏறிப் பார்த்ததில்லை. உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். தை மாதம் உப்புப் பாத்தி மிதிக்க இறங்கினால் புரட்டாசி வரைக்கும் ஊரைவிட்டு நகரமாட்டார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சும்மாதான் இருப்பார், ஆனால் அந்த மழையில் மலைக்குப் போனால் ரோடு இருக்குமோ இருக்காதோ. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் போகிறேன் என்று.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ராத்திரி போன் வந்தா காலையில உப்பளத்துல நிக்கணும். அவ்ளோ தூரம்தான் போகலாம்." அந்தக் கணக்கில் ஊட்டி அடிபட்டது, மூணாறு அடிபட்டது. மிஞ்சியது ஜவ்வாது மலை. மரக்காணத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஒரு வழி சுமார் 180 கிலோமீட்டர். நான் போட்ட திட்டம் இது: சனிக்கிழமை இரவு மரக்குடில், ஏனென்றால் அவருக்கு இடுப்பு வலி. ஞாயிறு இரவு கூடாரம், ஏனென்றால் எனக்கு ஆசை. திங்கள் காலை அருவி வரை நடை. மதியம் கிளம்பி வீடு.

இதில் ஒரு சிக்கல். அதே ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் பொம்மையார்பாளையத்தில் அவருடைய சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. "காதுகுத்துக்கு வராம கூடாரம் போட போறாளாம்" என்று சொந்தத்தில் என் தலை உருண்டது. "தம்பி போறான் இல்ல, அவன் போனா நான் போன மாதிரிதான்" என்று இவர் சமாளித்துவிட்டார். ஆக, அண்ணன் மலையில், தம்பி சேகர் விருந்தில். ஞாயிறு என்பதால் வேலையாட்களும் கிடையாது. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அதை ஏற்ற லாரி வரவேண்டும். அதுவரை அது நனையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் பழைய ஆம்னியில் கிளம்பினோம். திண்டிவனத்தில் டீ, செஞ்சியில் இட்லி. செஞ்சிக் கோட்டையை வண்டியிலிருந்தே பார்த்து, "இதுவே மலைதானே, இங்கயே கூடாரத்த போட்டுடலாமா?" என்றார். நான் ரோட்டைக் காட்டினேன். போளூர் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பம். கடைசி நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகள் நிறைய, ரோடு சில இடங்களில் குறுகல், ஆனால் அவசரப்படாமல் ஓட்டினால் பயமில்லை. இரண்டு பக்கமும் பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கே உப்பு வெள்ளையில் கண் கூசி நெற்றியில் கை வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். இங்கே அவர் கண்ணை முழுசாகத் திறந்துகொண்டு வண்டி ஓட்டினார். எனக்கு அதைப் பார்த்ததே போதும் என்றிருந்தது.

குடில் வாடகை ஒரு இரவுக்கு 1,800 ரூபாய். சுத்தமான அறை, வெந்நீர் உண்டு, டிவி இல்லை. குடிலைப் பார்த்துக்கொள்ளும் சாந்தி அக்கா சாமை அரிசிச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்து கொடுத்தார். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். இவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் உப்பு இல்ல" என்றார். எந்த ஊர் உப்பு என்று அவருக்கும் தெரியாது, சாந்தி அக்காவுக்கும் தெரியாது. அந்தப் பேச்சிலேயே அரை மணி நேரம் போனது.

ஞாயிறு காலை ஏரியில் படகு, சந்தைப் பக்கம் ஒரு சுற்று, மதியம் கூடாரம் போடும் இடம். பெருமாள் என்ற விவசாயி தன் சாமைக் கொல்லை ஓரத்தில் நான்கு கூடாரம் போட இடம் வைத்திருக்கிறார். ஆளுக்கு 600 ரூபாய், இரவுச் சாப்பாட்டோடு. தரை ஈரமாக இருக்கும், கீழே விரிக்க ஏதாவது கொண்டுவாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பை வீட்டுக்காரரிடம் விட்டிருந்தேன். வண்டியின் பின்னாலிருந்து அவர் ஒரு நீல மூட்டையை இறக்கிப் பிரித்தார். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

"என்னம்மா இது, சுண்ணாம்பா?" என்று பெருமாள் கேட்டார்.

சுண்ணாம்பு இல்லை, உப்பு. அது உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய். அதுவும் போன மாதம் வாங்கிய புதுசு.

"ஏங்க, பழசு இருந்துதே!"

"பழசு ஓட்டை. உனக்கு முதுகுல ஈரம் ஏறும்."

"அப்ப குவியலுக்கு?"

"மழை வராது. காத்து இன்னும் திரும்பலம்மா. நான் பாத்துட்டுதான் வந்தேன்."

மழை விஷயத்தில் என் வீட்டுக்காரர் வாக்கு எங்கள் பக்கத்தில் செல்லுபடியாகும் வாக்கு. சாயந்திரம் உப்பளக் கரையில் நின்று மேற்கே பார்ப்பார். மின்னல் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மூடலாமா வேண்டாமா என்று சொல்வார். பக்கத்து அளத்துக்காரர்கள்கூட இவரைக் கேட்டுத்தான் மூடுவார்கள். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்காகத்தான் நல்லதை எடுத்துவந்திருக்கிறார் என்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் வேறு, மறைப்பானேன்.

மூன்று மணி சுமாருக்கு இடி இடித்தது. தலைக்கு நேர் மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பெருமாளின் குடும்பமே வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தது, சாமைக்கு மழை தேவைப்பட்ட நேரம். என் வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் ரத்தமில்லை.

"இதாம்மா அது," என்றார்.

"எது?"

"தினம் சாயந்திரம் மேக்கால மின்னுதே, அது. அது கெளம்பற எடத்துலயே வந்து ஒக்காந்திருக்கோம். இங்கேர்ந்து கெழக்க நகர்ந்து திண்டிவனம் வரும், அப்பறம் நம்மூரு. மூணு மணி நேரம், போனா நாலு." அடுத்த நிமிடம் கையில் வண்டிச் சாவி. "கெளம்பு."

"கெளம்பி? அஞ்சு மணி நேர ரோடு. மேகம் என்ன ஊசி வளைவுல திரும்பித் திரும்பியா போகப்போவுது? போன் பண்ணுங்க."

போனில் சிக்னல் இல்லை. கொல்லைக்குப் பின்னால் இருந்த பாறையைக் காட்டி, "அது மேல ஏறினா ஒரு கோடு வரும்" என்றார் பெருமாள். நான் திட்டம் போட்ட நடை திங்கள்கிழமைக்கு. நடந்தது என்னவோ ஞாயிற்றுக்கிழமை. ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் ஓடினார் மனிதர். பாதை முள்ளும் சறுக்கலும். நான் மூச்சு வாங்க வாங்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ஸ்பீக்கரில் சேகர் குரல் கேட்டது.

"பந்தியில ஒக்காந்துட்டேண்ணா. கடைசி பந்தி. இப்பதான் பாயசம் ஊத்தறாங்க."

"பாயசத்த வுட்டுட்டு எழுந்திரு. மழை வருது."

"இங்க வெயில் மண்டைய பொளக்குதே!"

"இங்க வருதுடா. இங்க வந்தா அங்க வரும். குவியல் தொறந்து கெடக்குது."

"புது தார்ப்பாய் இருக்குமே, போட்டு மூடிடறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"அது இங்க இருக்குது."

"அங்க என்னாண்ணா பண்ணுது?"

"படுக்கறதுக்கு எடுத்தாந்தேன்."

லைன் கட்டானது. அவன் வைத்தானா, சிக்னல் போனதா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்க் கடை திறந்திருக்காது, பழையது பாதிக் குவியலுக்குத்தான் வரும். மழை பிடித்துக்கொண்டது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் குடை மாதிரி ஒரு மறைவு இருந்தது, அதில் ஒண்டினோம். காதுகுத்துக்கே போயிருக்கலாம், என் ஆசைதான் இதற்கெல்லாம் காரணம் என்று எனக்கு அழுகை வந்தது. அவரும் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறு மணி வாக்கில் அந்த ஒரு கோடு திரும்ப வந்து போன் டிங் என்றது. ஒரு போட்டோ. மெதுவாக மேலிருந்து கீழே திறந்தது. முதலில் ஒரு கூலிங் கிளாஸ். அப்புறம் சித்தப்பாவின் மீசை. அப்புறம் கிரீடம் வைத்த குழந்தை, மாமன்மார்கள் வரிசை, "அன்புடன் வரவேற்கும்" என்று பெரிய எழுத்து. காதுகுத்துக்குக் கட்டிய பிளெக்ஸ் பேனர் அத்தனையும் எங்கள் உப்புக் குவியல் மேல் கிடந்தன. ஓரமெல்லாம் செங்கல். பின்னாலேயே சேகரின் வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, மேளக்காரங்க வேன்லயே ஏத்தியாந்துட்டேன். சித்தப்பா ரொம்ப சத்தம் போட்டாரு. அவரு மூஞ்சிய உச்சியில வெச்சு கட்றேன்னு சொன்னப்பறம்தான் அடங்கினாரு. இங்க நல்ல மழை. வடக்கு ஓரம் கொஞ்சம் கரைஞ்சுடுச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருக்குது. பாயசம்தான் போச்சு."

சிரித்தோம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் போகிறவர்களுக்கான விஷயங்கள், இல்லாவிட்டால் மறந்துபோவேன். பெட்ரோல் போளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போகவர ஏறக்குறைய மூவாயிரம் ஆனது. குடிலுக்கும் கூடாரத்துக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள், சனி ஞாயிறில் நேரில் போய்க் கேட்டால் கிடைப்பது சந்தேகம். ஆகஸ்ட், செப்டம்பரில் மதியத்துக்கு மேல் மழை வரலாம், அதனால் நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். திங்கள்கிழமை நாங்கள் ஏழு மணிக்கு அருவிக்குப் போனோம், முந்தைய நாள் மழையில் தண்ணீர் நன்றாக விழுந்தது. கல் வழுக்கும். மின்னல் இருக்கும்போது பாறை உச்சியில் நிற்காதீர்கள், நாங்கள் செய்தது முட்டாள்தனம். வீட்டில் யாரிடமும் சிக்னல் இருக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கூடாரத்துக்கு அடியில் விரிக்க எதை வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள், ஆனால் அது வீட்டில் எதை மூடிக்கொண்டிருந்தது என்று ஒரு தடவை யோசித்துவிட்டு எடுங்கள். எங்கள் கூடாரத்தில் ஒரு சொட்டு ஈரம் ஏறவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

இப்போது அந்தப் பாறை. போட்டோ வந்த பிறகு இடியும் மின்னலும் கிழக்கே போய்விட்டன. மழை மட்டும் நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. கீழே இறங்கலாம் என்று நான் எழுந்தேன். இவர் மறைவிலிருந்து வெளியே போய், நனைந்த கல்லிலேயே உட்கார்ந்துகொண்டார். சட்டை, தலை எல்லாம் தொப்பலாக நனைந்தது. சளி பிடிக்கும் என்று கத்தினேன். கேட்கவில்லை. சரி, நமக்கென்ன என்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ மழையை ஒன்றாகப் பார்த்திருக்கிறோம். ஒன்றாக நனைந்தது கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து, "மழைக்கு இவ்ளோ சத்தம் இருக்குமா?" என்றார். "எலை மேல ஒரு மாதிரி, கல்லு மேல ஒரு மாதிரி. நம்மூர்ல நான் இப்படி கேட்டதே இல்லையே."

"நம்மூர்ல நீங்க எங்க கேட்டீங்க? ஒரு சொட்டு வுழுந்தாப் போதும், அத இழு, இத மூடுன்னு கத்திக்கிட்டே ஓடுவீங்க."

"சரி. இப்ப நீ கொஞ்சம் பேசாம இரு" என்றார்.

இருந்தேன்.